கடித்தது நாய்! ஏவியது யார்?

“எந்த இனமாம்?”

2024-ஆம் ஆண்டு மே திங்களில் சென்னையில் பலர் வாயிலும் வந்த கேள்வி இது. மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு நாய்கள் பாய்ந்து கடித்துக் குதறின. செய்தியைப் படித்தவர் பதைத்தனர். பிள்ளை பெற்றவர் நடுங்கினர். பதைப்பு அடங்குமுன்பே கேள்வி எழுந்தது. “ராட்வைலராம்!” என்று விடை கிடைத்தது. “அப்படிச் சொல்லுங்கள்! அதன் பிறவிக் குணமே அதுதானே!” என்று ஒரு நிறைவும் பிறந்தது. கேட்டாகிவிட்டது; தெரிந்துகொண்டாகிவிட்டது; வழக்குத் தீர்ந்தது!

தீர்ந்ததா? குழந்தைகள் ஆடும் இடத்திலே அந்த நாய்களைக் கட்டவிழ்த்து விட்டது யார்? காவல்துறை உரிமையாளரைக் கைது செய்தது, உண்மை. ஆனால் ஊர் வாயில் உலவிய குற்றவாளியின் பெயர் மனிதனுடையதன்று; இனத்தினுடையது.

அதற்கு இரண்டு திங்கள் முன்பு, மார்ச் 12-ஆம் நாள், ஒன்றிய அரசின் கால்நடைத்துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்திருந்தது. பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்கள் மனித உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை இறக்குமதி செய்யவோ, இனம் பெருக்கவோ, விற்கவோ இடந்தரலாகாது என்பது அதன் சாரம். உரியவர்களைக் கலந்து பேசாமல் பிறந்த அறிக்கை என்று கூறி, ஏப்ரல் 10-ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. சட்டம் பட்ட பாடு அது. நாம் கேட்க விரும்புவது வேறு. பிறந்தவுடனேயே ஓர் உயிரின் நெற்றியில் ‘கொடியது’ என்று எழுதிவிட முடியுமா? எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எதற்காக எழுதினார்?

நாய்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் அல்லோம் நாம். கடிபட்ட குழந்தையின் பக்கத்தில் நிற்கிறோம். அதனாலேயே, உண்மைக் குற்றவாளி தப்பிவிடக்கூடாது என்று கவலைப்படுகிறோம். குற்றவாளியைத் தேட வரலாற்றுக்குள் செல்வோம், வாருங்கள்.

முதலில் மேற்கிந்தியத் தீவுகள். கரும்பு விளைந்த தீவுகள். கண்ணீரும் விளைந்த தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் வெயிலில் வெந்து கரும்பு வெட்டினர்; வெள்ளை முதலாளி சர்க்கரையை விற்றுச் சீமானானான். சாட்டைக்கு அஞ்சாமல் காட்டுக்குள் ஓடி விடுதலை வாழ்வு வாழ்ந்தவர்களும் இருந்தனர். ஜமைக்காவிலே அவர்களை மரூன்கள் என்றழைத்தனர். 1795-ல் மரூன்கள் போர்க்கொடி உயர்த்தினர். மலைக்காட்டுப் போரிலே அவர்களை வெல்ல ஆங்கிலப் படையால் இயலவில்லை. துப்பாக்கி தோற்ற இடத்தில் நாயை இறக்கினர் நாகரிகச் சீமான்கள்! கியூபாவிலிருந்து ஏறத்தாழ நூறு நாய்களும், அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்களும் கப்பலில் வந்திறங்கினர். அடிமைகளைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட நாய்கள் அவை.

எட்டாண்டுகள் கழித்து அதே நாய்கள் ஹெய்தித் தீவுக்கும் சென்றன. அங்கே 1791-ல் அடிமைகள் எழுச்சி கண்டனர், விலங்கொடித்தனர். ஒடித்த விலங்கை மீண்டும் பூட்ட நெப்போலியன் படை அனுப்பினான். அப்படையின் தளபதி ரோஷாம்போ, 1803-ல் கியூபாவிலிருந்து நாய்களை வரவழைத்தான். ஹெய்தியின் வரலாற்றை எழுதியோர் பதிந்து வைத்துள்ள காட்சி ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

லெ காப் நகரம். பாதிரிமார் மடமாக இருந்த கட்டடத்தின் முற்றம் அரங்கமாக்கப்பட்டது. சீமான்களும் சீமாட்டிகளும் வேடிக்கை காண அமர்ந்தனர். நடுவிலே ஒரு கம்பம். கம்பத்திலே கட்டப்பட்ட ஒரு கறுப்பு இளைஞன். பசியோடு வைக்கப்பட்டிருந்த நாய்களை அவிழ்த்துவிட்டனர். கூட்டம் மூச்சடக்கிக் காத்திருந்தது. நாய்கள் அருகே வந்தன. தயங்கின. பாயவில்லை!

வேடிக்கை கெட்டுவிடுமே! அதிகாரி ஒருவன் இறங்கி வந்தான்; வாளை உருவினான்; கட்டுண்டு கிடந்த இளைஞனின் வயிற்றைக் கிழித்தான். குருதி பெருகிய பிறகே நாய்கள் பாய்ந்தன. அரங்கம் கைதட்டியது.

நாம் கேட்கிறோம்: அந்த முற்றத்திலே முதலில் பாய்ந்தது எது? நாயின் பல்லா, மனிதனின் வாளா? கொல்லத் தயங்கிய விலங்குக்குக் கொலையைக் கற்றுக்கொடுத்த ஆசான் யார்? 1804 சனவரி முதல் நாள் ஹெய்தி விடுதலை பெற்றது. ரோஷாம்போவின் படை தோற்றோடியது. ஆனால் ‘மனித வேட்டை நாய்’ என்ற பழி மட்டும் நாயின் கழுத்திலேயே தங்கிவிட்டது.

அந்தப் பழி அமெரிக்காவுக்குப் பயணமானது. அங்கே அதைச் சுமந்த இனத்தின் பெயர் பிளட்ஹவுண்டு. நீண்ட காதும், தொங்கும் முகமும், சோர்ந்த கண்ணும் கொண்ட நாய். அதன் பெருமை மூக்கிலே. மனிதனின் காலடி வாடையை நெடுந்தொலைவு தொடர்ந்து செல்லும். தேடிக் கண்ட ஆளைக் கடித்துக் குதறுவது அதன் இயல்பன்று. ஆனால் தென் மாநிலத் தோட்டக்காரர், தப்பியோடும் அடிமைகளைத் துரத்த வெறியேற்றி வளர்த்த கலப்பு நாய்கள் அனைத்துக்கும் அந்த ஒரே பெயரைச் சூட்டினர். 1852-ல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘டாம் மாமாவின் குடிசை’ நூலாக வெளிவந்தது. அடிமை முறையின் கொடுமையை உலகறியச் செய்தது. நாடகக் குழுக்கள் அந்தக் கதையை ஊரூராக நடித்தன. கைக்குழந்தையோடு பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடக்கும் எலைசா என்ற தாயை, மேடையிலே நாய்கள் துரத்தின. நூலில் அந்த இடத்திலே நாய்களே இல்லை! கூட்டம் சேர்க்க வேண்டும். கூச்சல் எழ வேண்டும். அதற்காக நுழைக்கப்பட்டவை நாய்கள். அவற்றுள் பல பிளட்ஹவுண்டும் அல்ல. பெரிய உருவமுள்ள வேறு இன நாய்கள். சுவரொட்டியிலோ ‘இரத்தவெறி கொண்ட பிளட்ஹவுண்டுகள்’! தோட்டக்காரன் செய்த கொடுமை, நாடகக்காரன் செய்த விளம்பரம், இரண்டும் சேர்ந்து ஓர் இனத்தின் பிறவிக் குணமாயின.

இன்று பிளட்ஹவுண்டைக் கண்டு எவர் நடுங்குகிறார்? அடிமைச் சட்டம் ஒழிந்தது. துரத்தும் தொழில் மறைந்தது. நாயின் ‘பிறவிக் குணமும்’ மாயமாய் மறைந்துவிட்டது. பிறவியில் வந்தது என்றால் இப்படி மறையுமா?

பழி மறையவில்லை, இடம் மாறியது. அடுத்து அது சென்று ஏறிய இனம், நம் நாட்டிலும் நன்கு அறிமுகமானது: அல்சேஷியன். இதன் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே இனத்தை மனிதன் எத்தனை வேடமிட்டு ஆட வைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1899-ல் ஜெர்மனியிலே, கார்ல்ஸ்ரூகே நகரில் ஒரு நாய்க் கண்காட்சி. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஆட்டு மந்தை காக்கும் நாய் ஒன்றைக் கண்டார், விலைக்கு வாங்கினார், ஹோரண்ட் என்று பெயர் சூட்டினார். அந்த நாயிலிருந்து ஓர் இனத்தை உருவாக்கச் சங்கமும் அமைத்தார். பெயர்: ஜெர்மன் மேய்ப்பன் நாய். ஆட்டைக் காப்பது அதன் தொழில். அறிவு அதன் அணி.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் என்ற சொல்லே இங்கிலாந்தில் வசைச்சொல் ஆயிற்று. குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டு நாயைக்கூட எதிரியின் கையாளாகப் பார்த்தனர்! போர் முடிந்தது, மேய்ப்பன் நாயை விரும்பிய ஆங்கிலேயர் பலர் இருந்தனர், ஜெர்மன் என்ற பெயர் மட்டும் வேண்டாம். எனவே 1919-ல், ஜெர்மனி இழந்த அல்சேஸ் மாநிலத்தின் பெயரை வைத்து, அல்சேஷியன் ஓநாய்-நாய் என்று புதுப் பெயர் சூட்டினர். பழைய பெயரை அங்கே முறையாக மீட்டுத் தர 1977 வரை ஆயிற்று!

அந்த ‘ஓநாய்’ என்ற ஒட்டுச்சொல் பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் ஒட்டிய சொல் சும்மா இருந்ததா? ஆஸ்திரேலியாவிலே ஆட்டுப் பண்ணை முதலாளிகள் அலறினர். “ஓநாய் இரத்தம்! காட்டு நாயோடு கலந்தால் நம் மந்தைகளின் கதி என்ன?” என்று கூக்குரலிட்டனர். 1929-ல் அந்த நாட்டு அரசு அல்சேஷியன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1970-களில்தான் தடை நீங்கியது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஆட்டைக் காப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய், ஆட்டைத் தின்னும் நாய் என்று நாடு கடத்தப்பட்டது! எதனால்? பல்லால் அன்று, பெயரால்!

அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அதே நாய் என்ன செய்துகொண்டிருந்தது? 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பயிற்றும் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அங்கே பயின்ற முதன்மை மாணவன் இந்த மேய்ப்பன் நாய். 1928-ல் மாரிஸ் ஃபிராங்க் என்ற கண்பார்வையற்ற அமெரிக்க இளைஞர், சுவிட்சர்லாந்தில் பயிற்றப்பட்ட பட்டி என்ற பெண் நாயோடு நியூயார்க்கில் வந்திறங்கினார்; ஊர்திகள் இரையும் வீதியை அதன் துணையோடு கடந்து காட்டினார். 1931-ல் இங்கிலாந்தில் கண்ணற்றோர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்ட நான்கு வழிகாட்டி நாய்களும் இந்த இனமே. ஒரு நாட்டில் ‘ஓநாய்’. மற்றொரு நாட்டில் கண்ணிழந்தவரின் கண்!

பிறகு வந்தான் இட்லர். வதை முகாம்களின் வாயிலில், முள்வேலி ஓரத்தில், இரயிலிலிருந்து இறங்கிய யூத மக்களின் முன்னே, அதே நாய் நிறுத்தப்பட்டது. தப்ப முயல்வோர் மீது பாயப் பழக்கப்பட்டது. வழிகாட்டப் பிறந்ததா, வதைக்கப் பிறந்ததா அந்த இனம்? இரண்டுக்கும் அன்று. கழுத்துக் கயிறு எவன் கையில் இருந்தது என்பதே விடை. நாயை நேசித்தவன் என்று புகழப்படும் இட்லர், தன் செல்ல நாய் பிளாண்டிக்குக் காட்டிய நன்றியும் வரலாற்றில் உண்டு. 1945 ஏப்ரல் இறுதியில், நிலவறையிலே, தனக்கென வைத்திருந்த நஞ்சு வேலை செய்யுமா என்று அறிய முதலில் அதன் வாயில் ஊட்டச் செய்தான். ஏவிய எசமானனின் நன்றி இவ்வளவே!

இட்லர் ஒழிந்தான், ஏவல் ஒழியவில்லை. 1963 மே 3. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்காம் நகரம். கறுப்பின மாணவரும் சிறுவர் சிறுமியரும் உரிமை கேட்டு ஊர்வலம் வந்தனர். கையில் கல் இல்லை, கழி இல்லை, வாயில் பாடல் இருந்தது. நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர், தீயணைக்கும் குழாய்களைத் திருப்பினான். காவல் நாய்களை ஏவினான். இளைஞன் ஒருவன்மீது நாய் பாயும் படம் மறுநாள் ஏடுகளில் வெளிவந்து உலகை உலுக்கியது. அடுத்த ஆண்டு, 1964-ல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு பேர் தெரிவர். பாய்கின்ற நாயும், கயிற்றைப் பிடித்த காவலனும். ஆனால் மக்கள் மனத்தில் தங்கியது நாயின் பல். காவலனின் முகம் யாருக்கு நினைவிருக்கிறது?

இவ்வாறே டாபர்மேன் இனத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் அப்போல்டா ஊரில் வரி வசூலித்த டாபர்மேன் என்பவர், தமக்குத் துணை வர அச்சமூட்டும் நாய் ஒன்று வேண்டுமென்று கலந்து உருவாக்கியது அது. சென்னைச் செய்தியில் வந்த ராட்வைலரோ, ராட்வைல் என்ற ஊரின் கசாப்புக் கடைக்காரர்கள் மாடு ஓட்டவும் இறைச்சி வண்டி இழுக்கவும் வைத்திருந்த உழைப்பாளி நாய். வண்டி இழுத்த நாயை வாயிற்காவலனாக்கி, அச்சத்தின் சின்னமாக்கி, பணக்காரர் பங்களாவுக்குள் சங்கிலியில் பூட்டியது நாயின் விருப்பமா?

இன்று பழியின் முழுச்சுமையையும் சுமப்பது பிட்புல். அதன் பெயரிலேயே மனிதனின் குற்றம் பொறிக்கப்பட்டுள்ளது. பிட் என்றால் குழி. நாய்ச்சண்டை நடக்கும் குழி. புல் என்றால் காளை. இங்கிலாந்திலே பல நூற்றாண்டுகளாக ஒரு பொழுதுபோக்கு இருந்தது. காளையை முளையில் கட்டி, அதன்மீது நாய்களை ஏவி, கூட்டம் கூடிப் பந்தயம் கட்டுவர். மன்னரும் கண்டு களித்தனர். மக்களும் கண்டு களித்தனர். 1835-ல் பாராளுமன்றம் அதைத் தடை செய்தது. சட்டம் காளையை விடுவித்தது. மனிதனின் வெறியை விடுவிக்கவில்லை. திறந்த வெளியில் நடந்தது நிலவறைக்குள் இறங்கிற்று. காளைக்குப் பதில் நாய்க்கு எதிரே நாய். அதற்கேற்பக் காளைமேல் பாய்ந்த நாயையும் சுறுசுறுப்பான டெரியர் நாயையும் கலந்தனர். சண்டைக் குழியிலே நாய்களைப் பிரிக்க மனிதர் கையை நுழைக்க வேண்டுமே! அப்போது மனிதனைக் கடிக்கும் நாயைக் குழிக்காரர் விரும்பியதில்லை. ‘மனிதனைக் கண்டால் பாயும் பிறவி’ என்று இன்று தூற்றப்படும் இனம், மனிதன் கைபட்டால் பணிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

அமெரிக்காவுக்குச் சென்ற இந்த வகை நாய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே செல்லப்பிள்ளை. முதல் உலகப் போர்க் காலச் சுவரொட்டிகளில் நாட்டின் நெஞ்சுரத்துக்குச் சின்னம். போர்முனை சென்ற ஸ்டப்பி என்ற புல் டெரியர் வகை நாயைச் சார்ஜெண்ட் என்றே கொண்டாடினர். 1926-ல் அது இறந்த பிறகு பாடம் செய்து காட்சியில் வைத்தனர். சிறுவர் திரைப்படங்களில் கண்ணைச் சுற்றி வட்டம் வரையப்பட்டுக் குழந்தைகளோடு விளையாடிய நாயும் இதுவே.

பின் எப்படிக் கொடிய விலங்காயிற்று? 1970-களிலும் 1980-களிலும், மறைவாக நடந்த நாய்ச்சண்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. போதைப்பொருள் விற்போர், தங்கள் சரக்கைக் காக்கவும் தெருவில் மிடுக்குக் காட்டவும் இந்த நாயைப் பிடித்துக்கொண்டனர். ஏடுகள் வெறியூட்டும் படங்களை அட்டையில் அச்சிட்டன. ‘கொடிய நாய்’ என்று ஏடு எழுத எழுத, கொடிய நாய் வேண்டும் என்று தேடிய கயவர் அதையே வாங்கினர். கயவர் வாங்க வாங்க, அடித்தும் பட்டினி போட்டும் வெறியேற்றப்பட்ட நாய்கள் பெருகின. அவை கடித்தன, ஏடுகள் மீண்டும் எழுதின. வட்டம் சுற்றியது, வட்டத்தின் மையத்தில் மனிதன் நின்றான், சுமையை நாய் சுமந்தது.

இதற்கு நேரடிச் சோதனை ஒன்றும் நடந்தது. 2007-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக், தம் பண்ணையில் நாய்ச்சண்டை நடத்தியதாகச் சிக்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அங்கிருந்து ஐம்பது பிட்புல்கள் போல மீட்கப்பட்டன. “சண்டைக்கென வளர்ந்தவை, திருந்தா, கொன்றுவிடுங்கள்” என்று விலங்கு நலம் பேசுவோரே சிலர் கூறினர். நீதிமன்றம் அவ்வாறு செய்யவில்லை. வல்லுநர் குழு ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தது. கடும் வெறி கொண்டதென்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று! மற்றவற்றுள் மிகப் பல காப்பகங்களுக்கும் குடும்பங்களுக்கும் சென்றன. சில, மருத்துவமனை நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் பணிக்கே பழக்கப்பட்டன. சண்டைக் குழியிலிருந்து வந்த நாய்களே அப்படி என்றால், பிறவிக் குணம் எங்கே போயிற்று?

“ஒன்றிரண்டு கதைகளை வைத்து முடிவு கட்டலாமா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டும், அதுவே பகுத்தறிவு. அறிவியலைக் கேட்போம்.

2022-ல் ‘சயின்ஸ்’ ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விவரம் திரட்டினர். 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவை ஆராய்ந்தனர். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில், இனம் என்பது விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்று கண்டனர். தாய் தந்தையிடமிருந்து தனி நாய்க்குச் சில இயல்புகள் வருவதுண்டு. ஆனால் இனப் பெயரைக் கேட்டு ‘இது சாது, இது கொடியது’ என்று சொல்லிவிட முடியாது என்பதே அதன் முடிவு.

இன்னொன்று. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்களால் நேர்ந்த 256 மரணங்களை ஆராய்ந்த கால்நடை மருத்துவ ஆய்வு 2013-ல் வெளிவந்தது. நாயின் இனத்தை ஐயமின்றி நிறுவ முடிந்தது 17.6 விழுக்காடு நிகழ்ச்சிகளில் மட்டுமே! ஆனால் வேறு சில செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. காக்கக்கூடிய ஆள் எவரும் அருகில் இல்லாமை, 87 விழுக்காட்டில். மனிதரோடு நல்லுறவின்றி ஒதுக்கி, கட்டிப்போட்டோ அடைத்தோ வளர்க்கப்பட்ட நாய், 76 விழுக்காட்டில். ஐந்தில் ஒன்றில், உரிமையாளர் முன்பே கொடுமையோ புறக்கணிப்போ செய்தவர். இத்தகைய காரணங்கள் நான்கும் அதற்கு மேலும் ஒன்றுசேர்ந்து நின்றவை பத்தில் எட்டு. இவற்றுள் நாய் தேர்ந்துகொண்டது எது? ஒன்றுமில்லை. அத்தனையும் மனிதன் செய்தவை, அல்லது செய்யத் தவறியவை.

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். பெரிய நாய் கடித்தால் பெரிய புண். தாடையின் வலிமை, உடலின் கனம், இவை பிறப்போடு வருபவை. ஐம்பது கிலோ எடையுள்ள நாயைச் சிறு நாய்போல் எண்ணித் தெருவில் அவிழ்த்துவிடுவது குற்றம். ஆகவே வலிய நாயை வைத்திருப்பவனுக்குக் கடமை கூடுகிறது. வலிமையைக் கொடுமை என்று படித்து, வளர்த்தவனை விட்டுவிட்டு வளர்ப்பைப் பழிப்பதைத்தான் தவறென்கிறோம்.

தவறான நோய்க்குத் தந்த மருந்து பலித்ததா? பிரிட்டன் 1991-ல் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்து, பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன் பின்னும் நாய்க்கடியால் மருத்துவமனை சென்றோர் தொகை குறையவில்லை, கூடியது. 2023-ல் எக்ஸ்எல் புல்லி என்ற மற்றொரு வகையையும் பட்டியலில் சேர்த்தனர். நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லுக்குத் தடை விதித்தது. கடி குறையவில்லை என்று கண்டு 2008-ல் அத்தடையைக் கைவிட முடிவு செய்தது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989-ல் விதித்த தடையை, 2020-ல் வாக்காளரே வாக்களித்து விலக்கி, உரிமம் பெற்று வளர்க்க வழி செய்தனர்.

நம் நாட்டுச் சட்டத்திலும் வழி இல்லாமல் இல்லை. தன் விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுவோனைத் தண்டிக்க, 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே 289-ஆம் பிரிவு இருந்தது. 2024 சூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 291-ஆம் பிரிவு. ஆறு திங்கள் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு இனத்தின் பெயரைக் கேட்கவில்லை. உடையவனின் கடமையைக் கேட்கிறது. நூற்றுக்கணக்கில் மக்கள் கூடும் நகரப் பூங்காவிலே, நாயைப் பதிவு செய்தாயா, ஊசி போட்டாயா, கயிற்றில் பிடித்தாயா, பழக்கினாயா என்று கேட்டால் குழந்தை பிழைக்கும். ‘எந்த இனம்’ என்று கேட்டால் வாதம்தான் பிழைக்கும்.

இந்த நாய்க்கதையைச் சீர்திருத்த ஏட்டிலே ஏன் எழுதுகிறோம்?

பள்ளியிலே பாடம் சொல்லும் நாம், ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. பின்வரிசையில் இருக்கும் ஒரு பையன். வீட்டுப்பாடம் எழுதிவரவில்லை, எவனையோ அடித்துவிட்டான். உடனே பிறக்கிறது தீர்ப்பு: “அவன் பிறவியே அப்படி! அந்தத் தெருப் பையன் வேறெப்படி இருப்பான்?” அவன் காலையில் உண்டானா, இரவு எங்கே உறங்கினான், எவன் அவனை முதலில் அடித்தான் என்று எவரும் கேட்பதில்லை. “எந்த இனமாம்?” என்ற அதே கேள்வி! பூங்காவில் நாயைக் குறித்து எழுந்தது. பள்ளியிலே பிள்ளையைக் குறித்து எழுகிறது.

இது நேற்று முளைத்ததன்று. ஊருக்கு வெளியே வாழ வேண்டும், நாயும் கழுதையுமே உடைமையாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு பகுதி மக்களுக்குப் பிறப்பை வைத்து விதி எழுதியது மனுநூல். 1871-ல் வெள்ளை அரசு, சில சமூகங்களில் பிறப்பதையே குற்றமாக்கிக் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வை, இரவில் காவல் நிலையத்தில் படு என்றது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்து நின்ற மக்களின் மார்பில் குண்டு பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

மனிதரை நாயோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் திரித்துக் கூற வேண்டாம். நாம் சொல்வது அதற்கு நேர் எதிர். நாயினங்களை மனிதன் வேண்டுமென்றே உருவாக்கினான். இன்ன நாயோடு இன்ன நாயைத்தான் சேர்ப்பேன் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதிக் கலந்தான். குலமுறைப் பட்டியல் வைத்தான். அப்படிப் பிறப்பைப் பிடித்து இறுக்கி உருவாக்கிய நாய்க்கே, பிறப்பு அதன் நடத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தீர்மானிக்கவில்லை! அப்படியிருக்க, மனிதக் குழந்தையின் பிறப்பைக் கேட்டு அதன் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று கிளம்புகிறானே, அவனை அறிவாளி என்பதா? ஆராய்ச்சியாளன் என்பதா?

பிறவிக் குணம் என்ற சொல் யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். ரோஷாம்போவுக்குப் பயன்பட்டது, கொன்றது நான் அல்ல, நாய் என்றான். புல் கானருக்குப் பயன்பட்டது. சண்டைக் குழியில் பந்தயம் கட்டியவனுக்குப் பயன்பட்டது. கட்டவிழ்த்து விட்டவனுக்கு இன்றும் பயன்படுகிறது. பிறப்பின்மீது பழி விழும் இடத்திலெல்லாம், பழக்கியவன் தப்பிச் செல்கிறான்.

எனவே இளைஞர்களே, அடுத்த முறை “எந்த இனமாம்?” என்ற கேள்வி காதில் விழுந்தால், அது நாயைப் பற்றியதாயினும், பின்வரிசைப் பையனைப் பற்றியதாயினும், விடை சொல்ல அவசரப்படாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: “வளர்த்தது யார்? பழக்கியது யார்? கயிறு எவன் கையில் இருந்தது?”